யாருக்காகக் காத்திருக்கிறது?

ஒரு பிழை நான்கு மாதம் என் கூடவே இருந்தது. போன மாதம்தான் அதைக் கண்டுபிடித்துத் திருத்தினேன். அது இருந்த இடம் மொத்தம் 11 வரி. அந்த 11 வரியை அதற்கு முன் ஐம்பது முறையாவது படித்திருப்பேன். ஒவ்வொரு முறையும் சரி என்றே தோன்றியது. இப்போதும் அதைத் தனியாக எடுத்துப் பார்த்தால் தப்பு சொல்ல முடியாது. திருத்தி முடித்த பிறகும் மனசு ஆறவில்லை. அதை நான் தேடிய விதம் உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

மூன்று வருடமாக இரவுகளிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் ஒரு சின்ன கெர்னல் (ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி) எழுதி வருகிறேன். யாருக்கும் விற்கவோ கொடுக்கவோ இல்லை; ஒரு கம்ப்யூட்டர் உள்ளே என்ன செய்கிறது என்று அடிவரை தெரிந்துகொள்ளும் ஆசை. முதல் இரண்டு வருடம் ஒரே ஒரு கோரில்தான் (பிராசசருக்குள் தனியாகக் கணக்குப் போடும் பகுதி) ஓடியது. அப்புறம் சென்னை ரிச்சி தெருவில் பழைய டெஸ்க்டாப் ஒன்று வாங்கினேன். நான்கு கோர் இன்டெல் பிராசசர். முக்கியமாக, பின்பக்கம் சீரியல் போர்ட் (எழுத்துகளை வரிசையாக வெளியே அனுப்பும் பழைய வகை இணைப்பு) இருந்தது. மீதி மூன்று கோர்களையும் எழுப்பி வேலை வாங்க வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

எழுப்புவதைப் பற்றி நீட்டப் போவதில்லை. இனிட் என்ற சைகையை அனுப்பி, 10 மில்லிசெகண்ட் பொறுத்து, ஸ்டார்ட்அப் ஐபிஐயை இரண்டு தடவை அனுப்பினால் (ஐபிஐ என்பது ஒரு கோர் இன்னொரு கோருக்கு அனுப்பும் இன்டரப்ட், அதாவது கையில் உள்ள வேலையை நிறுத்தி இதைக் கவனி என்னும் சைகை), உறங்கும் கோர் மெமரியில் 1 எம்பிக்குக் கீழே நாம் காட்டிய பக்கத்திலிருந்து (பக்கம் என்பது மெமரியின் ஒரு துண்டு) 16 பிட் நிலையில் ஓடத் தொடங்கும். அதில் ஒரே ஓர் இடறல். க்யூஎமுவில் (ஒரு மெஷினைப் போலவே நடிக்கும் மென்பொருள்) கோர்களின் ஏபிக் எண்கள் (ஏபிக் என்பது இன்டரப்ட்களைக் கையாளும் வன்பொருள்; கோருக்கு ஓர் அடையாள எண்) 0, 1, 2, 3 என்று வரிசையாக வந்தன. நிஜ மெஷினில் 0, 2, 4, 6 என்று வந்தன. நான் அந்த எண்ணையே அர்ரேயில் (மெமரியில் வரிசையாக ஒதுக்கிய இடங்கள்) எந்த இடம் என்று சொல்லும் இண்டெக்ஸாகப் பயன்படுத்தியிருந்தேன். நான்கு இடம் உள்ள அர்ரேயில் ஆறாவது இடத்தில் எழுதினால் என்ன ஆகும்? ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் விழுந்தது. ஒரே மாலையில் பிடித்துவிட்டேன். இன்று யோசித்தால் அந்தப் பிழைமேல் மரியாதை வருகிறது. கூப்பிட்டபோதெல்லாம் வந்து நின்றது.

அடுத்து வந்தது அப்படி இல்லை.

சோதனைக்காக ஒரு புரோகிராம் எழுதியிருந்தேன். ஒரே மெமரியைப் பகிர்ந்துகொள்ளும் நான்கு த்ரெட்கள் (ஒரே புரோகிராமுக்குள் தனித்தனியாக ஓடும் வேலைகள்), கோருக்கு ஒன்று. கணக்குப் போடும், அவ்வப்போது புது மெமரியைத் தொடும், எப்போதாவது பழைய மெமரியைக் கெர்னலிடம் திருப்பிக் கொடுக்கும். இதை ஓடவிட்டால் சில நேரம் இருபது நிமிடத்தில், சில நேரம் மூன்று மணி நேரம் கழித்து, மெஷின் அப்படியே உறைந்துவிடும். பேனிக் (கெர்னல் தானே பிழையைச் சொல்லி நின்றுவிடுவது) கிடையாது, எரர் கிடையாது, கீபோர்டில் எதைத் தட்டினாலும் பதில் கிடையாது. ஸ்க்ரீனில் கடைசியாக வந்த வரி மட்டும் நின்றுகொண்டிருக்கும், அந்த வரிக்கும் நடந்ததற்கும் சம்பந்தமே இருக்காது.

பிரிண்ட் போட்டதும் போய்விட்டது

எல்லாரும் செய்வதைத்தான் முதலில் செய்தேன். சந்தேகப்பட்ட இடங்களில் பிரிண்ட் வரிகள் சேர்த்தேன். பேஜ் ஃபால்ட் (தொட்ட முகவரிக்கு இன்னும் மெமரி தரப்படாததால் கெர்னல் கூப்பிடப்படுவது) கையாளும் இடத்தில், எந்த கோர், எந்த முகவரி என்று ஒரு வரி. சேர்த்ததும் உறைவது நின்றுவிட்டது. ஒரு இரவு முழுக்க ஓடியது. மறுநாள் பகலும் ஓடியது. வரியை எடுத்தேன், ஒரு மணி நேரத்தில் உறைந்தது. திரும்பப் போட்டேன், ஓடியது.

என்னோடு முன்பு வேலை பார்த்த மூத்தவர் ஒருவர் இருக்கிறார். பல வருடம் சாதனங்களுக்கான மென்பொருள் எழுதியவர், நான் கற்றதில் பாதி அவரிடமிருந்துதான். அவரிடம் போனில் சொன்னேன்.

"இப்ப வருதா?" என்று கேட்டார்.

"இல்லண்ணா, அந்த பிரிண்ட் போட்டதுல இருந்து வரல."

"அப்ப அதை அப்படியே விட்டுடு. பக்கத்துல ஒரு கமெண்ட் போட்டு வை, யாரும் எடுக்கக் கூடாதுன்னு. வேற வேலையப் பாருப்பா."

அவர் அலட்சியமாகச் சொல்லவில்லை. குறிப்பிட்ட தேதிக்குள் சாமான் வெளியே போக வேண்டிய இடங்களில் காலம் தள்ளியவருக்கு அது நியாயமான பதில். என் கெர்னலுக்குத் தேதி எதுவும் இல்லை. ஆனாலும் இரண்டு நாள் அவர் சொன்னதைக் கேட்டு விட்டுவிட்டேன், அதை ஒப்புக்கொள்ள வேண்டும். மூன்றாவது இரவு, பிரிண்ட் வரி இருக்கும்போதே, உறைந்தது.

அன்றைக்குத்தான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பிரிண்ட் வரிகள் போவது சீரியல் போர்ட் வழியாக; அதன் வேகம் விநாடிக்கு 115200 பிட். ஓர் எழுத்துக்கு முன்பிட் பின்பிட் சேர்த்து 10 பிட், அதாவது ஏறக்குறைய 87 மைக்ரோசெகண்ட். 40 எழுத்து உள்ள ஒரு வரி வெளியே போக 3.5 மில்லிசெகண்ட். என் பேஜ் ஃபால்ட் வேலையோ சில மைக்ரோசெகண்டில் முடிந்துவிடும். சில மைக்ரோசெகண்ட் வேலைக்கு நடுவே 3.5 மில்லிசெகண்ட் நிறுத்தத்தைச் செருகியிருக்கிறேன். அதுவும் பிரிண்ட்டுக்கு ஒரு லாக் (ஒரு சமயத்தில் ஒரு கோரை மட்டும் உள்ளே விடும் பூட்டு) இருப்பதால், ஒரு கோர் எழுதி முடிக்கும்வரை மற்றவை வரிசையில் நிற்கும். நான்கு கோர்கள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு ஓடும் புரோகிராமை, ஒருவர் பின் ஒருவராக நடக்கும் புரோகிராமாக ஆக்கியிருந்தேன். மோதல் போகவில்லை. மோதிக்கொள்ளும் அளவுக்கு அவற்றை நான் பக்கத்தில் வர விடவில்லை, அவ்வளவுதான்.

க்யூஎமுவில் ஏன் வரவே இல்லை என்பதற்கும் அப்போது விடை கிடைத்தது. நான் பயன்படுத்திய அமைப்பில் எல்லா கோர்களையும் ஒரே த்ரெட்டில், முறைவைத்து, ஒன்றை நிறுத்தி ஒன்றை ஓட்டும். பார்ப்பதற்கு நான்கு கோர். உண்மையில் எந்த நொடியிலும் ஒன்றுதான் ஓடுகிறது. ஒரு கோரை மாற்றும் நேரம் மிகச் சின்ன ஓர் இடைவெளிக்குள் சரியாக விழுந்தால்தான் என் பிழை அங்கே தெரியும். மாதக்கணக்கில் அங்கே பச்சை விளக்குப் பார்த்துத் திருப்தியடைந்திருந்தேன்.

ஒரு கோர் மட்டும் இருந்தபோது என் கையில் இருந்த பெரிய கருவி, "வரவில்லை, ஆகவே சரியாகிவிட்டது" என்பது. அங்கே அது பெரும்பாலும் செல்லும். அதே உள்ளீடு கொடுத்தால் அதே பாதையில் போகும், பாதையை மாற்றினோம், விழவில்லை. இங்கே அந்தக் கருவி கையோடு உடைந்துபோனது. வராமல் இருப்பதற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம், பிழை இல்லாமல் இருப்பது அதில் ஒன்று.

தாழ்போட்ட கதவு

உறைந்த மெஷினிடம் எப்படிக் கேள்வி கேட்பது? கோர்கள் இன்டரப்ட்டை மூடிக்கொண்டு சுற்றுகின்றன என்பது ஊகம்; கீபோர்ட் செத்துக் கிடப்பதற்கு வேறு காரணம் தெரியவில்லை. மூடிய கோருக்குள்ளும் நுழையக்கூடியவற்றில் எனக்குக் கைகொடுப்பது ஒன்றே ஒன்று, என்எம்ஐ. பெயரிலேயே இருக்கிறது, மறைக்க முடியாத இன்டரப்ட். ஆனால் அதை அனுப்ப உயிரோடு ஒருவர் வேண்டும். ஆகவே கடைசி கோரைச் சோதனையிலிருந்து எடுத்து, காவலுக்கு வைத்தேன். மற்ற மூன்றும் தம் டைமர் வரும்போதெல்லாம் தம் கணக்கில் ஒன்று கூட்டும். காவல் கோர் அந்தக் கணக்குகளைப் பார்த்துக்கொண்டே இருக்கும். இரண்டு விநாடி ஒன்றில் அசைவு இல்லை என்றால் எல்லாவற்றுக்கும் என்எம்ஐ அனுப்பும். அதைப் பெற்ற கோர் தான் எந்த வரியில் இருக்கிறது என்பதை மெமரியில் தனக்கென்று ஒதுக்கிய இடத்தில் குறித்துவைத்துவிட்டு நிற்க வேண்டும். பிரிண்ட் கூடாது, லாக் எதையும் தொடக் கூடாது. தொட்டால் செத்தவனைப் பார்க்கப் போனவனும் அங்கேயே விழுவான். பிறகு காவல் கோர் நிதானமாக எல்லாவற்றையும் சீரியலில் எழுதும்.

இதை எழுதி முடிக்க இரண்டு வாரம் ஆனது. என்எம்ஐக்குத் தனி ஸ்டாக் தர வேண்டும் என்பதை ஒருமுறை மறந்து, வேறு விதமாக விழுந்து எழுந்தேன். ஓடவிட்ட முதல் இரவு, ஐந்து மணி நேரம் கழித்து, அகப்பட்டது.

கோர் 1: ஸ்பின்லாக்கை (கிடைக்கும்வரை சுற்றிச் சுற்றிக் கேட்கும் லாக்) எடுக்கும் சுற்றில் நிற்கிறது. கோர் 2: அதே சுற்றில், அதே லாக். கோர் 0: டிஎல்பி ஷூட்டவுன் (முகவரிப் பதிவுகளைக் கோர் நினைவில் வைக்கும் இடம் டிஎல்பி; பழைய பதிவை நீக்கும்படி மற்ற கோர்களிடம் சொல்வது ஷூட்டவுன்) செய்யும் இடத்தில், பதில்களை எண்ணும் சுற்றில். லாக்கின் உரிமையாளர்: கோர் 0.

இதைப் பார்த்ததும் எனக்கு விடை தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. இன்னும் ஒரு வாரம் வீணாக்கினேன். ஏன் என்பதைத்தான் திரும்பத் திரும்ப யோசிக்கிறேன். கோர் 1-உம் 2-உம் லாக்குக்காக நிற்கின்றன, லாக் கோர் 0-இடம், கோர் 0 பதிலுக்கு நிற்கிறது, பதில் வரவில்லை. ஆகவே ஐபிஐ வழியிலேயே தொலைந்துவிட்டது என்று நினைத்தேன். வன்பொருள் மேல் சந்தேகம். பழைய போர்டு, எங்கேயோ ஏதோ சரியில்லை. அனுப்பும் ரிஜிஸ்டரில் (வன்பொருளுக்குள் இருக்கும் சின்ன நினைவிடம்) டெலிவரி நிலையைச் சரிபார்த்தேன், இன்டரப்ட் முடிந்ததும் அதை அறிவிக்கும் வரியை விட்டுவிட்டேனா என்று ஒவ்வொரு இடமாகத் தேடினேன், கையேட்டை மறுபடி மறுபடி படித்தேன்.

தொலைந்ததை நிரூபிக்கலாம் என்றுதான் அந்த ஒரு வரியைச் சேர்த்தேன். ஒவ்வொரு கோரின் லோக்கல் ஏபிக்கிலும் ஒரு ரிஜிஸ்டர் தொகுதி உண்டு: வந்துசேர்ந்துவிட்ட, ஆனால் கோர் இன்னும் கவனிக்காத இன்டரப்ட்களின் பட்டியல். என்எம்ஐ வரும்போது அதையும் குறித்துவைக்கச் சொன்னேன். அடுத்த உறைவில் அது பூஜ்யமாக இருக்கும், ஐபிஐ வந்துசேரவே இல்லை என்று தெரிந்துவிடும் என்பது என் எதிர்பார்ப்பு.

பூஜ்யமாக இல்லை. கோர் 1-இல் ஷூட்டவுன் எண்ணுக்கான பிட் எரிந்துகொண்டிருந்தது. கோர் 2-இலும்.

தபால் வந்து வாசலில் கிடக்கிறது. வீட்டுக்காரர் உள்ளேதான் இருக்கிறார். கதவைத் தாழ்போட்டுக்கொண்டு, தபால் அனுப்பியவர் சாவியைக் கொண்டுவந்து தருவார் என்று காத்திருக்கிறார். அனுப்பியவரோ, இவர் தபாலைப் படித்துவிட்டேன் என்று சொன்னால்தான் அங்கிருந்து கிளம்புவார்.

அதுவரை ஒரு தாளில் ஒவ்வொரு கோருக்கும் நேரே "என்ன செய்கிறது" என்று எழுதிவைத்திருந்தேன். அன்றைக்கு அந்தத் தலைப்பை அடித்துவிட்டு, "யாருக்காகக் காத்திருக்கிறது" என்று எழுதினேன். மூன்று அம்புக்குறி போட்டேன். வட்டமாக வந்து சேர்ந்தது. நான்கு மாதம் தேடியது மூன்று அம்புக்குறி.

அந்த 11 வரி

விஷயம் இதுதான். எக்ஸ்86-இல் (என் இன்டெல் பிராசசர் இந்த வகை) ஒரு கோர் தன் டிஎல்பியிலிருந்து ஒரு பக்கத்தின் பதிவை வழக்கமான கட்டளையால் நீக்கினால் அது தன்னிடம் இருப்பதை மட்டும்தான் நீக்கும். மற்ற கோர்களில் பழைய பதிவு அப்படியே இருக்கும். ஆகவே மெமரியைத் திருப்பி வாங்கும்போது, மற்ற கோர்களுக்கு ஐபிஐ அனுப்பி, "நீங்களும் நீக்குங்கள்" என்று சொல்லி, எல்லாரும் நீக்கிவிட்டார்கள் என்று தெரிந்த பிறகே அந்தப் பக்கத்தை வேறு யாருக்கும் கொடுக்கலாம். ஏஆர்எம்-இல் (போன்களில் இருக்கும் பிராசசர் வகை) இதை வன்பொருளே எல்லா கோர்களுக்கும் அறிவிக்கும் கட்டளை உண்டு. அங்கே எழுதியிருந்தால் இந்தப் பிழை பிறந்தே இருக்காது.

என் 11 வரி செய்தது இது: மெமரி லாக்கை எடு, பேஜ் டேபிளில் (எந்த முகவரி எந்தப் பக்கம் என்ற அட்டவணை) அழி, ஐபிஐ அனுப்பு, எல்லாரும் பதில் சொல்லும்வரை சுற்று, பக்கத்தை விடுவி, லாக்கை விடு. அதே சமயம் இன்னொரு கோரில் பேஜ் ஃபால்ட் வந்தால், அதுவும் அதே மெமரி லாக்கைக் கேட்கும். என் ஸ்பின்லாக், கேட்பதற்கு முன்பே இன்டரப்ட்டை மூடிவிடும். லாக் எடுக்கப்பட்ட கணத்துக்கும் ஐபிஐ போய்ச்சேரும் கணத்துக்கும் நடுவே ஒரு மைக்ரோசெகண்ட் போல இடைவெளி. அதற்குள் இன்னொரு கோர் லாக் வாசலுக்கு வந்து கதவைத் தாழ்போட்டுவிட்டால், முடிந்தது.

இன்டரப்ட்டை ஏன் மூடினேன்? அப்படித்தான் கற்றுக்கொண்டேன். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பாடத்துக்காக 2006-இல் எழுதிய எக்ஸ்வி6 கெர்னலைப் படித்துத்தான் நான் தொடங்கியதே. அதில் ஸ்பின்லாக் எடுக்கும் செயல்பாட்டின் முதல் வேலை இன்டரப்ட்டை மூடுவது. காரணமும் தெளிவு: லாக் கையில் இருக்கும்போது அதே கோரில் இன்டரப்ட் வந்து, அதன் வேலையும் அதே லாக்கைக் கேட்டால், தன்னிடம் இருக்கும் சாவிக்காகத் தானே காத்திருக்கும் நிலை. மூடிவிட்டால் அது வராது. அருமையான, எளிய விதி. அங்கே அது முழுக்கச் சரியும்கூட. ஏனென்றால் எக்ஸ்வி6-இல் ஒரு புராசஸுக்கு (ஓடிக்கொண்டிருக்கும் ஒரு புரோகிராம்) ஒரே த்ரெட். இரண்டு கோர்கள் ஒரே பயனர் மெமரியைப் பகிர்வதில்லை. ஆகவே ஷூட்டவுனே கிடையாது. நான் த்ரெட் சேர்த்தேன், அதற்காக ஷூட்டவுன் சேர்த்தேன், விதியை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டேன். லாக் சரி. ஷூட்டவுன் சரி. இரண்டையும் ஒரே வீட்டில் குடிவைத்தது நான்.

கல்லூரியில் பீட்டர்சன் அல்காரிதத்தை மனப்பாடம் செய்து எழுதியவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். 1981-இல் வந்தது, இரண்டு பேர் ஒரே சமயத்தில் உள்ளே நுழையாமல் தடுக்கும், நிரூபணமும் உண்டு. அதை அப்படியே எழுதி இன்றைய இரண்டு கோர்களில் ஓட்டினால், ஃபென்ஸ் கட்டளை (முன்பு எழுதியது போய்ச்சேரும்வரை நிற்கச் சொல்வது) போடாதவரை, இருவரும் உள்ளே நுழைந்துவிடலாம். எழுதியது ஸ்டோர் பஃபரில் (மெமரிக்குப் போகும் முன் தங்கும் இடம்) காத்திருக்கும்போதே அடுத்த வாசிப்பு முந்திவிடுகிறது. நிரூபணம் பொய்யில்லை. எழுதியது எல்லாருக்கும் தெரிந்த பிறகே அடுத்த வாசிப்பு நடக்கும் என்ற தரை அதன் கீழே இருந்தது, பரீட்சைத் தாளில் யாரும் அந்தத் தரையைப் பற்றிக் கேட்கவில்லை. எக்ஸ்வி6-இன் விதிக்குக் கீழே இருந்த தரையை நானும் கேட்கவில்லை.

லினக்ஸும் இந்த வழியாகத்தான் வந்திருக்கிறது. 1996-இல் 2.0 பதிப்பில் பல பிராசசர்களுக்கான ஆதரவு வந்தபோது, கெர்னல் முழுவதற்கும் ஒரே பெரிய லாக்கை வைத்தார்கள். ஒரு சமயத்தில் ஒரு கோர்தான் உள்ளே. பலர் அதைக் கேவலமாகப் பேசுவதைப் படித்திருக்கிறேன், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அதுவரை ஒரு கோரை நம்பி எழுதிய அத்தனை வரிகளும் மறுநாளும் ஓட வேண்டும் என்றால் அதைவிட நேர்மையான வழி இல்லை. ஆனால் அதைக் கழற்றி எடுக்க 2011 வரை, 2.6.39 பதிப்பு வரை, ஆனது. பதினைந்து வருடம். முன்பு இது எனக்குச் சோம்பலாகத் தெரிந்தது. அந்த லாக்குக்கு ஒரு வினோத குணம் உண்டு: அதை வைத்திருப்பவர் தூங்கப் போனால் தானாக விடுபடும், எழுந்ததும் திரும்பக் கைக்கு வரும். எந்த வரி அந்த குணத்தை நம்பி நிற்கிறது என்று கோடில் எங்கேயும் எழுதியிருக்காது. ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். 11 வரியில் எழுதாமல் இருந்த ஒன்றைப் பார்க்க எனக்கு நான்கு மாதம் ஆனது. அந்தப் பதினைந்து வருடத்தின்மேல் இப்போது மதிப்புத்தான் வருகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். லினக்ஸில் 2006-இல் இங்கோ மோல்னார் கொண்டுவந்த லாக்டெப் என்ற கருவி இருக்கிறது. எந்த லாக்குக்குப் பிறகு எந்த லாக் எடுக்கப்படுகிறது என்று குறித்துக்கொண்டே வந்து, என்றைக்காவது ஒரு நாள் சிக்கிக்கொள்ள வாய்ப்பிருந்தால், சிக்காமலே எச்சரிக்கும். அதைப் பார்த்து என் கெர்னலிலும் சின்ன அளவில் ஒன்று எழுதிவைத்திருந்தேன். அது இந்த நான்கு மாதமும் வாயே திறக்கவில்லை. அதற்குத் தெரிந்தது லாக்குகள் மட்டும். ஐபிஐ பதிலுக்குக் காத்திருக்கும் சுற்று அதன் கண்ணுக்கு லாக் இல்லை, வெறும் எண்ணிக்கை. என் கண்ணுக்கும் அப்படித்தான். பிழை தெரிந்த பிறகு லினக்ஸ் கோடில் அதே இடத்தைப் போய்ப் பார்த்தேன். மற்ற கோர்களிடம் ஒரு வேலையைச் சொல்லிவிட்டு முடியும்வரை காத்திருக்கும் செயல்பாட்டின் பெயரிலேயே "லாக்" இருக்கிறது. பக்கத்திலேயே, இன்டரப்ட்டை மூடிக்கொண்டு இதைக் கூப்பிட்டால் சிக்கிக்கொள்ளலாம் என்று குறிப்பும், கூப்பிட்டால் எச்சரிக்கும் சோதனையும் இருக்கின்றன. யாரோ என்னைப் போலவே உட்கார்ந்து அம்புக்குறி போட்டிருக்கிறார்கள்.

திருத்தியது எப்படித் தெரியும்?

திருத்தம் எளிது. லாக்கின் கீழ் பேஜ் டேபிளில் அழித்துவிட்டு, பக்கங்களை ஒரு பட்டியலில் ஒதுக்கி வைத்து, லாக்கை விட்டுவிட வேண்டும். அதற்குப் பிறகு, இன்டரப்ட் திறந்த நிலையில், ஐபிஐ அனுப்பிக் காத்திருக்கலாம். எல்லாரும் பதில் சொன்ன பிறகே பட்டியலில் உள்ள பக்கங்களை விடுவிக்க வேண்டும். கடைசி இரண்டின் வரிசை மட்டும் மாறவே கூடாது. மாறினால் ஒருவருடைய பழைய டிஎல்பி பதிவு இன்னொருவருடைய மெமரியில் எழுதும், அது உறைவதைவிட மோசம். லினக்ஸும் பக்கங்களைச் சேர்த்துவைத்து, டிஎல்பியைச் சுத்தம் செய்த பிறகுதான் விடுவிக்கிறது.

மாற்றி எழுதி ஓடவிட்டேன். அன்று இரவு உறையவில்லை. அங்கேதான் சட்டென்று கை நின்றது. பிரிண்ட் போட்ட இரவும் உறையவில்லையே. இதற்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? எனக்குள் தெரியும், அம்புக்குறி இருக்கிறது, ஆனால் மெஷின் அதைச் சொல்லவில்லை.

பழைய கோடைத் திரும்ப எடுத்தேன். லாக்கை எடுத்த பிறகு, ஐபிஐ அனுப்புவதற்கு முன், வேண்டுமென்றே ஒரு மில்லிசெகண்ட் தாமதத்தைச் செருகினேன். ஒரு மைக்ரோசெகண்ட் இடைவெளியை ஆயிரம் மடங்கு அகலமாக்கினேன். என் புரிதல் சரி என்றால் இனி மூன்று மணி நேரம் காத்திருக்கத் தேவையில்லை. ஓடவிட்டேன். நான்கு விநாடி. மறுபடி ஓடவிட்டேன். இரண்டு விநாடி. பத்து முறை ஓட்டினேன், பத்து முறையும் பத்து விநாடிக்குள் உறைந்தது, பத்து முறையும் அதே மூன்று இடத்தில். நான்கு மாதம் ஓடி ஒளிந்த பிழை, ஏபிக் எண் பிழையைப் போல, கூப்பிட்டதும் வந்து நின்றது. அந்த மாலை எனக்குக் கிடைத்த நிம்மதி, திருத்தியபோது கிடைக்கவில்லை.

அப்புறம் அதே தாமதத்தைப் புதிய கோடிலும், அழித்த இடத்துக்கும் அனுப்பும் இடத்துக்கும் நடுவே வைத்தேன். பிரிண்ட் வரிகளை எல்லாம் நீக்கினேன். நான்கு த்ரெட்களையும் திரும்பக் கொண்டுவந்து இரண்டு நாள் ஓடவிட்டேன். ஓடியது.

இரண்டும் தாமதம்தான். பிரிண்ட் தந்த தாமதம் பிழையை மறைத்தது. எங்கே இருக்கிறது என்று தெரியாமல் போட்டது அது. இது அதை வெளியே இழுத்துவந்தது. இப்போது என் கெர்னலில் லாக்குக்கும் காத்திருப்புக்கும் நடுவே இருக்கும் ஒவ்வொரு இடத்திலும் இப்படி ஒரு தாமதத்தை வைத்திருக்கிறேன். பூட் ஆகும்போது ஒரு எண் கொடுத்தால் இயங்கும், கொடுக்காவிட்டால் ஒன்றும் செய்யாது. வாரம் ஒருமுறை எல்லாவற்றையும் திறந்துவிட்டு ஒரு இரவு ஓட்டுகிறேன். ஏற்கெனவே இன்னொன்றைப் பிடித்துத் தந்திருக்கிறது. சிறியதுதான், ஒரே நாளில் முடிந்தது. பதிலுக்காகக் காத்திருக்கும் சுற்றுகளையும் என் லாக் சரிபார்ப்பில் லாக்காகவே பதிவு செய்துவிட்டேன்.

போன ஞாயிறு மூத்தவருக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார். தாமதம் வைத்த கதைக்கு வந்தபோது மட்டும், "எங்க வச்ச, இன்னொரு தடவ சொல்லு" என்றார். சொன்னேன்.

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

"நானும் ஒண்ணு அப்படி விட்டிருக்கேன்பா," என்றார். "பன்னெண்டு வருஷம் இருக்கும். ஒரு பிரிண்ட். எடுத்தா நின்னுடும். ஏன்னு பாக்க நேரமில்ல. பக்கத்துல எழுதி வச்சிட்டு வந்துட்டேன்."

"அது இன்னும் இருக்காண்ணா?"

"அந்த பாக்ஸ் இன்னும் ஓடிட்டுதான் இருக்கு. கோடு இப்ப வேற பசங்ககிட்ட இருக்கு." பிறகு, "அந்த டிலே வைக்கிறத எனக்குக் கொஞ்சம் எழுதி அனுப்பு. அந்தப் பசங்கள்ல ஒருத்தன் நம்பர் எங்கிட்ட இருக்கு" என்றார்.

அன்று இரவே எழுதி அனுப்பினேன். தாளில் போட்டிருந்த மூன்று அம்புக்குறியையும் போட்டோ எடுத்து அதோடு சேர்த்தேன்.